ஜப்பானில் "எனக்கு கேம்தான் பொழுதுபோக்கு" என்று சொல்லலாமா?

ஜப்பானில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேரப் போகும் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "நின்டெண்டோவும் பிளேஸ்டேஷனும் பிறந்த நாடு. அங்கே முப்பது வயதுக்காரன் வீடியோ கேம் விளையாடுகிறேன் என்று சொன்னால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்தானே? இல்லை, ஒட்டாகு (கேம், கார்ட்டூன் என்று ஒன்றிலேயே மூழ்கிக் கிடப்பவன்) என்று முத்திரை குத்திவிடுவார்களா?"

இரண்டும் நடக்காது. உங்களை யாரும் ஒதுக்கிவைக்கப் போவதில்லை, கைதட்டப் போவதும் இல்லை. அங்கே கொஞ்ச காலம் இருந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது என்னவென்றால், கேம் விளையாடுவதை ஜப்பான் தடுப்பதில்லை, ஆனால் அதற்கு ஒரு காரணம் எதிர்பார்க்கிறது. பிள்ளைகள் என்றால் "பாடம் படித்துவிட்டேன்", பெரியவர்கள் என்றால் "வேலை முடிந்துவிட்டது", வயதானவர்கள் என்றால் "மூளைக்கு நல்லது". சும்மா பிடித்திருக்கிறது, அதனால் விளையாடுகிறேன் என்ற பதில் வீட்டுக்குள்ளே செல்லும். சபையில் சொன்னால் கேட்பவர் ஒரு நொடி தயங்குவார்.

அந்தத் தயக்கத்தை முதலில் பார்ப்பது வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான். ஜப்பானிய பயோடேட்டா அச்சிட்ட படிவமாகவே கடையில் கிடைக்கும். புகைப்படம் ஒட்டி, பலர் இன்னமும் பேனாவால்தான் நிரப்புகிறார்கள். அதில் "பொழுதுபோக்கு, தனித்திறமை" என்று ஒரு கட்டம் இருக்கும். வேலை தேடுபவர்களுக்கு ஆலோசனை சொல்லும் தளங்களைத் திறந்து பாருங்கள்: அந்தக் கட்டத்தில் வெறுமனே கேம் என்று எழுதாதீர்கள் என்று பலவும் சொல்லும். எழுதியே தீர வேண்டும் என்றால், எந்த விளையாட்டு, அதில் எப்படித் திட்டமிட்டு முன்னேறினீர்கள், குழுவாக ஆடினீர்களா என்று விளக்கி எழுதச் சொல்வார்கள். புத்தகம் படிப்பேன் என்று எழுதுகிறவரிடம் எப்படித் திட்டமிட்டுப் படித்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

காரணம் கேட்கும் இந்தப் பழக்கம் பிள்ளைப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது.

1978-இல் டாய்ட்டோ நிறுவனத்தின் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற கேம் வந்தபோது காபிக் கடைகளில் மேஜைக்குப் பதிலாகக் கண்ணாடி மூடிய கேம் மேஜைகளைப் போட்டார்கள். அலுவலக ஊழியர்கள் காபியை ஓரமாக வைத்துவிட்டு நூறு யென் நாணயங்களைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். (நாடு முழுக்க நூறு யென் நாணயத்துக்குத் தட்டுப்பாடு வந்தது என்று ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. நம்ப வேண்டாம்.) பெரியவர்கள் விளையாடியதைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பள்ளிப் பிள்ளைகள் அங்கே போகத் தொடங்கியதும் பெற்றோர் சங்கங்களும் பள்ளிகளும் கொதித்தன. கேம் சென்டர் என்றால் சிகரெட் புகை, இருட்டு, வம்புக்கு அலையும் பையன்கள் என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1984-இல் திருத்தி 1985-இல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம் கேம் சென்டர்களைப் பச்சின்கோ என்ற சூதாட்ட இயந்திரக் கடைகளும், மாஜோங் என்ற கட்டை விளையாட்டுக் கூடங்களும் இருக்கும் அதே பட்டியலில் சேர்த்தது. இன்றைக்கும் பல கேம் சென்டர்களின் வாசலில் அறிவிப்பு ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம்: 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் மாலை 6 மணிக்கு மேல் இருக்கக்கூடாது, 18-க்குக் கீழே என்றால் இரவு 10 மணி. மாகாணத்துக்கு மாகாணம் விதி கொஞ்சம் மாறும். சில ஆண்டுகளாகப் பெற்றோர் கூட இருந்தால் சிறுவர்களுக்கும் சில இடங்களில் 10 மணி வரை அனுமதி உண்டு.

1983-இல் நின்டெண்டோவின் ஃபேமிகாம் 14,800 யென் விலையில் வந்து கேமை வரவேற்பறைக்குள் கொண்டுவந்தது. அம்மாக்களின் பார்வையில் பிரச்சினை தெருமுனையிலிருந்து வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பவர் அடாப்டரை ஒளித்துவைக்கும் அம்மா என்பவர் அந்தத் தலைமுறை ஜப்பானியர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாத்திரம். பரீட்சை நெருங்கினால் அடாப்டர் காணாமல் போகும், முடிந்ததும் திரும்பி வரும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் தாகாஹாஷி மெய்ஜின். ஹட்சன் நிறுவனத்தின் விளம்பர ஊழியர். பட்டனை நொடிக்கு 16 தடவை அழுத்துவார் என்பதற்காகவே பிள்ளைகள் அவரைக் கடவுளாகக் கொண்டாடினார்கள். கேம் விற்கும் கம்பெனியின் முகமாக இருந்த அந்த மனிதர்தான் 1985-இல் பிள்ளைகள் கூட்டத்தில் "கேம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்" என்று சொன்னார். கம்பெனியும் அதையே கோஷமாக எடுத்துக்கொண்டது. பிறகு அது ஐந்து உறுதிமொழிகளாக வளர்ந்தது: ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் கேம், வெளியே போய் உற்சாகமாக விளையாடுவோம், எங்கள் வேலை படிப்புதான், மதிப்பெண் கூடினால் கேமும் சந்தோஷம், நாங்கள் நாளைய சமூகத்தின் உழைக்கும் மனிதர்கள். கடைசி வரியைப் பாருங்கள். பத்து வயதுப் பையனுக்குப் பொம்மை விற்கும்போதே அவன் நாளைக்கு வேலைக்குப் போகப் போகிறவன் என்று நினைவூட்டி விற்றிருக்கிறார்கள்.

அந்த நினைவூட்டலுக்கு அவசியமும் வந்தது. 1988 பிப்ரவரி 10, புதன்கிழமை, டிராகன் குவெஸ்ட் என்ற பிரபல கேம் வரிசையின் மூன்றாம் பாகம் வெளியானது. முந்தைய இரவே கடைவாசலில் வரிசை. முதல் நாளிலேயே பத்து லட்சம் பிரதிகள் விற்றதாகச் செய்தி. பள்ளிக்கு மட்டம் போட்ட நூற்றுக்கணக்கான மாணவர்களைப் போலீஸ் பிடித்து அறிவுரை சொல்லி அனுப்பியது. வாங்கிக்கொண்டு போன பிள்ளைகளிடமிருந்து கேமைப் பிடுங்கிய சம்பவங்களும் நடந்தன. டிராகன் குவெஸ்டை வார நாளில் வெளியிடக் கூடாது என்று ஜப்பானில் சட்டமே இருக்கிறது என்று வெளிநாடுகளில் எழுதுவார்கள். அப்படிச் சட்டம் எதுவும் கிடையாது. அதை வெளியிடும் எனிக்ஸ் நிறுவனம் தானாகவே ஒதுங்கிக்கொண்டது, நான்காம் பாகம் 1990 பிப்ரவரி 11 ஞாயிற்றுக்கிழமை வந்தது. சட்டம் போட்டுத் தடுப்பதற்கு முன்பே "ஊருக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டோம்" என்று நிறுவனமே பின்வாங்குவது ஜப்பானுக்கு இயல்பான விஷயம்.

சட்டம் போட்டவர்களும் உண்டு. ஷிகோகு தீவில் உள்ள ககாவா, பரப்பளவில் நாட்டின் மிகச் சிறிய மாகாணம், ஊடோன் நூடுல்ஸுக்குப் பேர்போனது. 2020 ஏப்ரலில் அங்கே ஒரு மாகாண விதி அமலுக்கு வந்தது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பள்ளி நாளில் 60 நிமிடம், விடுமுறை நாளில் 90 நிமிடம்தான் கேம் விளையாடலாம் என்று வீட்டில் அளவு வைக்கச் சொன்னது. நடுநிலைப் பள்ளி வரை உள்ளவர்கள் இரவு 9 மணிக்குள்ளும், அதற்கு மேல் உள்ளவர்கள் 10 மணிக்குள்ளும் ஸ்மார்ட்போனைக் கீழே வைக்க வேண்டும். மீறினால் தண்டனை எதுவும் கிடையாது. கடைப்பிடிக்கும் பொறுப்பு பெற்றோர் தலையில். தண்டனையே இல்லாத விதி எதற்கு என்று கேட்கலாம். ஆனால் அங்கே எழுதிவைத்த அளவுகோலே பாதி தண்டனை. பக்கத்து வீட்டம்மாள் கேட்பாளே என்ற பயம் போதும்.

நல்ல வேளையாக இதை எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. பொதுமக்கள் கருத்துக் கேட்டபோது பெரும்பான்மை ஆதரவு என்று காட்டினார்கள். அந்த ஆதரவுக் கடிதங்களில் எத்தனையோ வரிக்கு வரி ஒரே மாதிரி இருந்தது பிறகு வெளியே வந்து நாறியது. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தாயும் மாகாணத்தின் மீது வழக்கே போட்டார்கள். 2022 ஆகஸ்டில் தகாமாட்சு மாவட்ட நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. கேம் அடிமைத்தனம் என்பது கற்பனைப் பூதம் என்று நான் சொல்லவில்லை. யோகோசுகாவில் உள்ள குரிஹாமா மருத்துவ மையம் 2011 முதலே இணைய அடிமைத்தனத்துக்குச் சிகிச்சை தருகிறது. உலக சுகாதார அமைப்பும் 2019-இல் அதை நோய்ப் பட்டியலில் ஏற்றது. ஆனால் சிகிச்சை தேவைப்படும் சிலரை மனதில் வைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கடிகாரம் கட்டுவது மருத்துவம் ஆகாது.

சரி, பெரியவர்கள் கதைக்கு வருவோம். உங்கள் கேள்வி அதுதானே.

2003-இல் ஃபுஜி தொலைக்காட்சியின் துணைச் சேனல் ஒன்றில் கேம் சென்டர் சிஎக்ஸ் என்ற நிகழ்ச்சி தொடங்கியது. அரினோ ஷின்யா என்ற நகைச்சுவைக் கலைஞர் பழைய ஃபேமிகாம் விளையாட்டுகளை மணிக்கணக்கில் உட்கார்ந்து முடிக்கப் பார்ப்பார். நன்றாக ஆடமாட்டார், அதுதான் சுவாரசியம். அவர் உட்காரும் கோலத்தைக் கவனியுங்கள்: தொழிற்சாலைக் கண்காணிப்பாளர் போடுவது மாதிரி ஒரு வேலைச் சட்டை, பெயருக்குப் பின்னால் "பிரிவுத் தலைவர்" என்ற பதவி. நன்றாகச் செய்தால் பதவி உயர்வு என்ற விளையாட்டும் உண்டு. ஒரு வளர்ந்த ஆள் நாள் முழுக்க கேம் விளையாடுவதை ஜப்பானியர்கள் குற்ற உணர்வில்லாமல் பார்த்து ரசிக்க அவருக்கு வேலைச் சட்டை மாட்டிவிட வேண்டியிருந்தது. கிண்டல்தான், ஆனால் யாரைக் கிண்டல் செய்கிறார்கள் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

உமேஹாரா தாய்கோவின் வாழ்க்கையில் அந்தக் கிண்டல் கிடையாது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்ற சண்டை கேம் தெரிந்தவர்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2004-இல் அமெரிக்காவில் நடந்த ஈவோ போட்டியில் உயிர் ஒரு கீற்று மிச்சம் இருந்த நிலையில் எதிராளியின் தொடர் உதைகள் அத்தனையையும் தடுத்துத் திருப்பி அடித்தாரே, அவர்தான். உலகமே வாய்பிளந்த அந்தக் காலத்தில் ஊரில் அவர் கேம் சென்டரிலேயே கிடக்கும் இளைஞர், அவ்வளவுதான். எதிர்காலம் இல்லை என்று கேமையே விட்டார். மாஜோங்கில் சில ஆண்டுகள் முயன்றார். அதையும் விட்டுவிட்டு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகுதான் ஸ்ட்ரீட் ஃபைட்டர் நான்காம் பாகம் அவரைத் திரும்ப இழுத்தது. 2010-இல் ஒரு அமெரிக்க நிறுவனம் ஒப்பந்தம் போட்ட பிறகு ஜப்பான் அவரை "தொழில்முறை வீரர்" என்று அழைக்கத் தொடங்கியது. திறமை 2004-லும் அதேதான். மாறியது சம்பளச் சீட்டு.

அவருக்கு அடுத்த பெயர் டோகிடோ, 2017 ஈவோ சாம்பியன். ஜப்பானிய ஊடகங்களில் இவரைப் பற்றி எதைப் படித்தாலும் "டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்த தொழில்முறை கேமர்" என்ற அடைமொழி வந்துவிடும். நாட்டின் முதல் பல்கலைக்கழகத்தில் இடம் பிடிக்கும் மூளை உள்ளவர் கேமைத் தேர்ந்தெடுத்தார் என்றால் அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்ற கணக்கு. அவரைப் பாராட்டும் வாக்கியத்திலேயே மற்றவர்களைப் பற்றிய அபிப்பிராயமும் ஒளிந்திருக்கிறது.

ஈ-ஸ்போர்ட்ஸ், அதாவது கேமைப் போட்டியாக ஆடுவது, ஜப்பானில் வேகம் பிடிக்கத் தாமதமானதற்கு வேறு நடைமுறைக் காரணங்களும் இருந்தன. பரிசுப் பொருள் கொடுத்து விற்பனையைத் தூண்டுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று இருக்கிறது. கேம் நிறுவனமே பெரிய பரிசுத்தொகை கொடுத்தால் அதில் மாட்டுமோ என்று தயங்கினார்கள். 2018-இல் அமைப்புகளை ஒன்றிணைத்து ஜெசு என்ற சங்கத்தைத் தொடங்கி, வீரர்களுக்கு உரிமம் கொடுக்கும் ஏற்பாடு செய்தார்கள். கேம் விளையாடக் கையில் உரிமம்! இதைவிட ஜப்பானிய ஏற்பாடு இருக்க முடியாது.

மூளை விஷயம் இன்னும் வேடிக்கை. 2002-இல் நிஹோன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் "கேம் மூளை" என்று ஒரு கருத்தைக் கிளப்பினார். கேம் விளையாடுகிறவர்களின் மூளை அலைகள் முதுமை மறதி நோயாளிகளுடையதைப் போல ஆகின்றன என்றார். அளந்த முறையே சரியில்லை என்று மூளை ஆய்வாளர்கள் பலர் மறுத்தார்கள். ஆனால் பள்ளிக் கூட்டங்களிலும் அம்மாக்களின் பேச்சிலும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. மூன்றே ஆண்டுகளில், 2005-இல், தோஹோகு பல்கலைக்கழகத்தின் கவாஷிமா ரியூதா பெயரில் நின்டெண்டோ ஒரு மூளைப் பயிற்சி விளையாட்டை வெளியிட்டது. அதுவரை கன்சோல் பக்கமே வராத ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் கையடக்க டிஎஸ் கருவியை வாங்கிக் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். மூளையைக் கெடுப்பது என்று சொன்ன அதே பெட்டிதான். இப்போது கோபேயில் முதியவர்களுக்கென்றே ஒரு ஈ-ஸ்போர்ட்ஸ் கூடம், அகிதாவில் மடாகி ஸ்னைப்பர்ஸ் என்று மூத்த குடிமக்கள் அணி. செய்தியாளர்கள் போய்ப் பேட்டி எடுக்கும்போது மறதி நோயைத் தடுக்க உதவுமா என்ற கேள்வி எப்படியும் வந்துவிடும். எழுபது வயதில் எதிரியைச் சுட்டு வீழ்த்துவது ஜாலியாக இருக்கிறது என்பது மட்டும் போதாதா என்று எனக்குத் தோன்றும்.

நாடு என்ற அளவில் பெருமைக்குக் குறைவே இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக் நிறைவு விழாவில் பிரதமர் அபே மரியோ வேடத்தில் வந்து நின்றார். டோக்கியோ தொடக்க விழாவில் டிராகன் குவெஸ்ட் இசையோடு அணிவகுப்பு தொடங்கியது. மரியோவை உருவாக்கிய மியாமோதோ ஷிகேரு 2019-இல் அரசின் பண்பாட்டுச் சேவையாளர் பட்டம் பெற்றார். ஆனால் சொந்த வீட்டுப் பையன் அந்தத் தொழிலுக்குப் போகிறேன் என்றால் அது வேறு கதை. இவாதா சதோரு 1982-இல் பட்டம் முடித்ததும் எச்ஏஎல் என்ற சின்னஞ்சிறு கேம் கம்பெனியில் சேர்ந்தார். அவருடைய அப்பா ஹொக்கைடோவில் முரோரான் நகரின் மேயர். மகனோடு ஆறு மாதம் போல அவர் பேசவில்லை என்று இவாதாவே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்த மகன் 2002-இல் நின்டெண்டோவின் தலைவரானார்.

இப்போதைய வீட்டுச் சண்டை நேரத்தைவிடக் காசைப் பற்றியது. ஜப்பானில் பல குடும்பங்களில் கணவன் சம்பளத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டு மாதாமாதம் கைச்செலவுக்கு வாங்கிக்கொள்வது வழக்கம். மொபைல் கேம்களில் கச்சா என்று, காசு கட்டி என்ன பொருள் கிடைக்கும் என்று தெரியாமலே எடுக்கும் குலுக்கல் முறை வந்ததும், அந்தக் கைச்செலவு பணம் ஒரே இரவில் காலியாகும் நிலை வந்தது. குறிப்பிட்ட பொருள்களை முழுத் தொகுப்பாகச் சேர்த்தால் மட்டுமே பெரிய பரிசு என்ற வகையை நுகர்வோர் விவகார முகமை 2012-இல் சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. மற்ற கச்சாக்கள் அப்படியே இருக்கின்றன. கேம் விளையாடுகிறார் என்று முகம் சுளிக்காதவர்கள்கூட கச்சாவில் எவ்வளவு கொட்டினார் என்று கேட்டால் சுளிப்பார்கள்.

அப்படியானால் யாருமே காரணம் கேட்காத இடம் எது? மாலை நேர ரயில். கோட்டு சூட்டு போட்டவர், கல்லூரிப் பெண், கைப்பையை மடியில் வைத்த அம்மாள், எல்லோர் கட்டைவிரலும் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். சத்தம் மட்டும் வெளியே வரக்கூடாது. அதே போல நண்பர் கூட்டம். மான்ஸ்டர் ஹன்டர் என்ற வேட்டை கேம் பிஎஸ்பி என்ற கையடக்கக் கருவியில் கொடிகட்டிப் பறந்த காலத்தில் குடும்ப உணவகங்களில் நான்கு பேர் நான்கு கருவிகளோடு உட்கார்ந்து ஒரே மிருகத்தை வேட்டையாடுவது சாதாரணக் காட்சி. தனியாக அறையில் அடைந்து விளையாடுகிறவன் என்ற படத்தை அந்தக் கூட்டங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தன. 2020 மார்ச்சில், கொரோனா நேரத்தில் வந்த அனிமல் கிராஸிங் என்ற கேம் மிச்சம் இருந்த பலரையும் உள்ளே இழுத்தது. பெண்கள் கேம் விளையாடுவது அதிசயம் என்ற பேச்சே இப்போது அடிபடுவதில்லை. சொல்லப்போனால் கேம் சென்டரில் புரிகுரா புகைப்படப் பெட்டிகள் இருக்கும் மூலையில் "ஆண்கள் மட்டும் வந்தால் அனுமதி இல்லை" என்றுதான் பல இடங்களில் எழுதியிருக்கும்.

இன்றைய இருபது வயதுக்காரர்கள் ஒளிபரப்பாளர்கள் விளையாடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். 2018 முதல் உயர்நிலைப் பள்ளிகளுக்கென்று தேசிய ஈ-ஸ்போர்ட்ஸ் போட்டியும் நடக்கிறது, தொடங்கியபோது ஒரு பெரிய நாளிதழ் நிறுவனம் அதில் பங்காளியாக இருந்தது. அந்த வயதுக்காரர்களிடம் கேம் விளையாடுவீர்களா என்று யாரும் கேட்பதில்லை, என்ன விளையாடுகிறீர்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

ஆக, உங்கள் விஷயத்தில் என் யோசனை: விண்ணப்பத்தில் கேமோடு இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள், நடைப்பயணமோ சமையலோ, உண்மையானது எதுவோ அது. சேர்ந்த பிறகு வரவேற்பு விருந்தில் எழுந்து நின்று அறிமுகம் செய்துகொள்ளச் சொல்வார்கள். அங்கே "கேம்" என்று பொதுவாகச் சொல்லாமல் பெயரைச் சொல்லுங்கள். நான் வேலை பார்த்த இடத்தில் புதிதாக வந்த பையன் "பொழுதுபோக்கு கேம்" என்று சொன்னபோது மேஜையில் மரியாதைக்கு ஒரு தலையசைப்புதான் கிடைத்தது. எந்த கேம் என்று யாரோ கேட்க, டிராகன் குவெஸ்ட் ஐந்தாம் பாகம் என்றான். அதுவரை வாய் திறக்காத ஐம்பது வயதுப் பிரிவுத் தலைவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "கல்யாணத்துக்கு யாரைத் தேர்ந்தெடுத்தாய், பியான்காவா ஃப்ளோராவா?" என்று கேட்டார். அந்த விளையாட்டில் நாயகன் இருவரில் ஒருத்தியை மணக்க வேண்டும், ஜப்பானில் முப்பது ஆண்டுகளாக முடியாத வாக்குவாதம் அது. அன்றைக்கு விருந்து முடியும்வரை வேறு பேச்சே இல்லை. பியான்கா என்று சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் பிழைத்துக்கொள்வீர்கள்.